கன்டெய்னருக்குள் இருந்த பெயர்கள்

தேவசகாயம் டீச்சரிடம் ஒரு கேள்வியோடு வந்தார். கேள்வி என்ன கேள்வி, சபாஷ் வாங்கத்தான் வந்தார்.

பாளையங்கோட்டையில் ஒரு ரத்த தானச் சங்கத்தின் கணினி அவர் பொறுப்பில் இருந்தது. அரிய வகை ரத்தம் உள்ளவர்களின் பெயர்களும் போன் நம்பர்களும் அதில் இருந்தன. வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, சிலரிடம் வசவும் வாங்கி அவரே சேர்த்த பெயர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தால் அவற்றை நம்பித்தான் ஓர் உயிர் கிடக்கும்.

லேப் டெக்னீஷியன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கணினி படிக்க வந்தவர் அவர். டீச்சர் கோமதிக்கு அவருடைய மகள் வயது. அன்று காலையில் டீச்சர் சங்க அலுவலகத்துக்கே வந்திருந்தார்.

அந்தப் பெயர்கள் இருந்த டேட்டாபேஸை அவர் புதிதாகக் கன்டெய்னரில் ஓட்டியிருந்தார். மென்பொருளையும் அதற்கு வேண்டியதையும் சேர்த்துக் கட்டிய பெட்டி அது. பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஓட்டலாம், ஆனால் உள்ளே எழுதியதெல்லாம் பெட்டியோடு போய்விடும். அதனால் கோப்புகளை வெளியே, வால்யூம் என்ற தனி இடத்தில் வைக்க வேண்டும். இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே டீச்சர்தான்.

“வால்யூம் போட்டாச்சு டீச்சர். இனி பத்திரம்தான?”

“சோதிச்சுப் பாத்தியளா அண்ணாச்சி?”

“எத்தனையோ தடவை. நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பாத்தேன். ஒரு பேரும் போகல.”

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வரி தட்டினார். கன்டெய்னர் அழிந்தது.

“புதுசா ஒண்ணு ஓட்டுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே ஓட்டினார். திரையில் ஒரு பெயரும் இல்லை.

அவசரமாக வால்யூமைத் திறந்தார். அதுவும் காலி. அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

“டீச்சர், என்ன செஞ்சிய?”

“நீங்க சொன்னத நம்புனேன்.”

“வால்யூம் போட்டேனே. என் கண்ணால பாத்தேனே.”

“போட்டிய. டேட்டாபேஸ் எழுதுத ஃபோல்டர்ல போடல, பக்கத்து ஃபோல்டர்ல போட்டிய. பேரெல்லாம் பெட்டிக்குள்ளயேதான் கெடந்துது.”

“நிறுத்தி ஓட்டும்போது இருந்துதே?”

“நிறுத்துனா பெட்டி அப்படியேதான இருக்கும். அழிச்சுப் பாத்தியளா?”

அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். “ரத்தம் குடுக்குத களக்காட்டு அக்காவ இனி நான் எங்க போய்த் தேடுவேன்? அவ வீடு மாறிட்டா டீச்சர். நம்பரு இதுல மட்டுந்தான் இருந்துது.”

டீச்சர் நிதானமாகத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். பார்த்திருந்தால் யாருக்கும் டீச்சர் மேல் ஆத்திரம்தான் வந்திருக்கும். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். அன்று காலையில் வந்ததும் டீச்சர் சங்கக் கணினியிலிருந்து எடுத்து வைத்திருந்த காப்பி.

தேவசகாயத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லியிருந்தா சிரிச்சிருப்பிய.”

தேவசகாயம் சரியான ஃபோல்டரில் வால்யூமை இணைத்து, காப்பியிலிருந்த பெயர்களை ஏற்றினார். எல்லாம் வந்து சேர்ந்தன. களக்காட்டு அக்காவும் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் கண்டக்டர் உள்ளே வந்தார். யாரோ இங்கே பெயர் கொடுக்கச் சொன்னார்களாம். தன் ரத்தம் அரிய வகை என்று டெஸ்ட் சீட்டை நீட்டினார். மாவட்டம் முழுக்கத் தேடினாலும் லேசில் கிடைக்காத வகை. பெயரையும் நம்பரையும் சொல்லிவிட்டு, பஸ் நிற்கிறது என்று ஓடிவிட்டார். தேவசகாயம் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்துக் கணினியில் சேர்த்தார். பெயர்கள் அழிந்ததிலிருந்து அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது.

டீச்சர் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

“இப்ப நீங்க அழிங்க.”

“நானா?” அவர் பென் டிரைவைப் பார்த்தார். “அதுல இந்தக் கண்டக்டர் பேரு இல்லையே.”

“இல்ல.”

அவர் உட்கார்ந்தார். வால்யூமைத் திறந்து பார்த்தார். கோப்புகள் இருந்தன. ஃபோல்டர் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். மறுபடியும் வாசித்தார். அழிக்கும் வரியைத் தட்டினார். ஒரே ஒரு பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. விரல் அதன் மேலேயே நின்றது.

“டீச்சர், இப்பம் பத்திரம்தான?”

“என்னட்ட ஏன் கேக்கிய அண்ணாச்சி? உங்க விரல்ட்ட கேளுங்க.”