ஐந்து வரி வெள்ளமணி

கருங்குளத்துக் காட்டில் சடைச்சி என்ற முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தது. அந்தக் காட்டு விலங்குகள் எல்லாவற்றுக்கும் கணினியில் நிரல் எழுதத் தெரியும். பலா பழுத்தால் குரங்குக் கூட்டத்துக்குச் செய்தி போகும். தேனடை நிரம்பினால் கரடிக்குத் தகவல் போகும். எல்லாம் நிரலின் வேலை.

ஒருவர் கற்றதை மற்றவருக்குச் சொல்லித்தர ‘நாணல்’ என்று ஓர் இணையதளம் வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் அதில் கட்டுரை எழுதலாம். கட்டுரை பிடித்திருந்தால் படித்தவர்கள் கீழே ஒரு பச்சை இலை குத்துவார்கள். அதிக இலை வாங்கியவரின் பெயர் முதல் பக்கத்தில் மின்னும். தளத்தை நிர்வகித்தது ஓர் ஓணான். வந்த கட்டுரைக்கெல்லாம் தலையாட்டி வெளியிடுவதுதான் அதன் வேலை.

முதல் பக்கத்தில் ஓயாமல் மின்னியது மஞ்சமூக்கன் என்ற மைனாவின் பெயர். மஞ்சமூக்கன் ஒரு நாளைக்குப் பத்துக் கட்டுரை எழுதும். பிறர் எழுதிய பழைய கட்டுரைகளைத் தேடி எடுக்கும். இங்கே ஒரு சொல், அங்கே ஒரு சொல் மாற்றும். கவர்ச்சியாக ஒரு தலைப்பு வைக்கும். அதில் உள்ள நிரல் ஓடுமா, ஓடாதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

சடைச்சியின் வழக்கம் வேறு. எந்தக் கட்டுரையைப் படித்தாலும் அதிலுள்ள நிரலை வரிக்கு வரி தட்டச்சு செய்து ஓட்டிப் பார்க்கும். ஓடினால் இலை குத்தும். ஓடாவிட்டால் கட்டுரைக்குக் கீழே எழுதும்: “ஓட்டிப் பார்த்தேன். ஓடவில்லை. மூன்றாம் வரியில் பிழை.”

மஞ்சமூக்கனின் கட்டுரைகளுக்குக் கீழே இந்த வாக்கியம் அடிக்கடி வந்தது. ஓணான் சடைச்சியைக் கூப்பிட்டு அனுப்பியது.

“சடைச்சி, நீ எழுதுவது எழுதுகிறவர் மனத்தைப் புண்படுத்துகிறது. நாலு நல்ல வார்த்தை சொல். இல்லாவிட்டால் சும்மா இரு.”

“ஓடாத நிரலை ஓடவில்லை என்றுதான் சொன்னேன். இதில் கெட்ட வார்த்தை எது?”

“நீ இதுவரை எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறாய்?”

“மூன்று.”

“மஞ்சமூக்கன் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மூன்று எழுதிய நீ ஆயிரம் எழுதியவரைக் குறை சொல்லலாமா?”

“சோறு வேகவில்லை என்று சொல்ல நானும் ஆயிரம் பானை வடித்திருக்க வேண்டுமா?” என்று கேட்டுவிட்டுச் சடைச்சி வந்துவிட்டது.

ஆவணி பிறந்தது. மழைக்காலம் நெருங்கியது. மஞ்சமூக்கன் புதிதாக ஒரு கட்டுரை போட்டது. தலைப்பு: ‘ஐந்தே வரியில் வெள்ளமணி! வளைவாழ் உயிர்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம்!’ குளத்து நீர் ஏறுவதை ஒரு கருவி அளக்கும். நீர் குறிப்பிட்ட கோட்டைத் தொட்டதும் நிரல் மணியை அடிக்கும். அப்படித்தான் கட்டுரை சொன்னது. இரண்டே நாளில் இருநூற்று நாற்பது இலைகள் விழுந்தன.

சடைச்சி அந்த ஐந்து வரிகளையும் ஓட்டிப் பார்த்தது. ஒரு தொட்டியில் கருவியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டது. தண்ணீர் கோட்டைத் தொட்டது, தாண்டியது. மணி அடிக்கவில்லை.

சடைச்சிக்குச் சந்தேகம் வந்தது. தளத்தின் பழைய பக்கங்களைப் புரட்டியது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாரை எழுதிய கட்டுரை அகப்பட்டது. அதே நிரல்தான். ஆனால் நாரை எழுதியது ஆறு வரி. ‘திரும்பப் போய் நீரை மறுபடி பார்’ என்பது ஆறாவது வரி. ‘ஐந்தே வரி’ என்ற தலைப்புக்காக மஞ்சமூக்கன் அதை வெட்டிவிட்டிருந்தது. இப்போது நிரல் தண்ணீரை ஒரே ஒரு தடவை பார்க்கும். அதோடு வேலை முடிந்தது என்று படுத்துவிடும்.

 சடைச்சி உடனே கட்டுரைக்குக் கீழே எழுதியது: “யாரும் இதைப் பயன்படுத்த வேண்டாம். ஆறாவது வரி இல்லை. வெள்ளம் வந்தால் மணி அடிக்காது.”

ஓணான் அதை மறைத்தது. சடைச்சி மறுபடி எழுதியது. ஓணான் மறுபடி மறைத்தது. மூன்றாம் தடவை எழுதியபோது சடைச்சியின் கணக்கையே பூட்டிவிட்டது. “பொறாமை பிடித்தவர்களுக்கு இங்கே இடமில்லை” என்று முதல் பக்கத்தில் ஓர் அறிவிப்பும் வந்தது.

“வாயைத்தானே பூட்டினாய்? காலைப் பூட்டவில்லையே” என்று சொல்லிக்கொண்டு சடைச்சி நடந்தே கிளம்பியது. குளத்தங்கரையில் நாற்பது எலிக் குடும்பங்கள் வளை தோண்டி வாழ்ந்தன. அங்கே பொடிச்சி என்ற தாய் எலி வாசலில் நின்றது. அதன் தலைக்கு மேலே ஒரு புது மணி தொங்கியது.

“பொடிச்சி, அந்த மணி அடிக்காது. கருவி மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம், வா.”

“அக்கா, இருநூற்று நாற்பது பேர் இலை குத்திய கட்டுரை. நானும் ஒன்று குத்தினேன். அத்தனை பேருக்கும் தெரியாதது உங்களுக்கு மட்டும் தெரியுமா?”

“அத்தனை பேரில் ஒருவராவது மணி அடிக்கிறதா என்று பார்த்தாரா?”

பொடிச்சி மணியை அண்ணாந்து பார்த்தது. “என்னையும் நம்பாதே. ஊற்றிப் பார்” என்றது சடைச்சி.

“கருவியைத் தொடாதீர்கள் அக்கா. உங்கள் முள் பட்டால் கம்பி அறுந்துவிடும். எனக்கு ஏழு குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை. கொஞ்சம் வேலை ஒழியட்டும், பிறகு பார்ப்போம்.” பொடிச்சி உள்ளே போய்விட்டது.

சடைச்சிக்குக் கோபம் வந்தது. ‘போனால் போகட்டும்’ என்று திரும்பி நாலடி நடந்தது. மலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. அதற்கு மேல் கால் நகரவில்லை. கரையிலிருந்த ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தது.

மறுநாள் நண்பகல். எலிகள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம். மலையில் பெய்த மழை ஓடையில் இறங்கிச் செம்மண் நிறத்தில் குளத்துக்குள் பாய்ந்தது. நீர் கோட்டைத் தொட்டது. தாண்டியது. மணி அசையவில்லை.

சடைச்சி ஓடியது. ஒவ்வொரு வளை வாசலிலும் நின்று முட்களைச் சலசலவென்று உதறிக் கத்தியது. “தண்ணீர் வருகிறது! மேட்டுக்கு ஓடுங்கள்!” எலிகள் அலறிப் புடைத்துக்கொண்டு வெளியே வந்தன. பொடிச்சி குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆறு குட்டிகள் வந்துவிட்டன. ஏழாவதை எடுக்கப் போனபோது வாசல் மண் சரிந்து அடைத்துக்கொண்டது. சடைச்சி நகம் பெயரப் பெயர மண்ணை வாரியது. கழுத்தளவுத் தண்ணீரில் தலையை உள்ளே விட்டு, குட்டியைப் பல் படாமல் உதட்டால் பிடித்து இழுத்தது. குட்டி கீச்சென்றது. உயிர் இருந்தது.

எல்லாரும் பிழைத்தார்கள். ஆனால் வளைகள் போயின. வருடம் முழுக்கச் சேர்த்த தானியமும் போனது.

அடுத்த நாள் காலையில் காடே மேட்டில் கூடியது. ஓணான் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியது. “நடந்தது வருத்தம்தான். மஞ்சமூக்கன் நல்லெண்ணத்தில் எழுதியது. பார்த்துப் பயன்படுத்துவது படிப்பவர் பொறுப்பு. சடைச்சியின் கணக்கைத் திறந்துவிடுகிறேன். ‘நாணலின் தோழி’ என்று ஒரு பட்டமும் தருகிறேன். இனி எல்லாரையும் பாராட்டி எழுதினால் போதும்.”

“பட்டம் உங்களிடமே இருக்கட்டும், ஓணானாரே. நீங்கள் மறைத்த என் மூன்று வரிகளைத் திருப்பிப் போடுங்கள். மறைத்தது நீங்கள்தான் என்றும் எழுதுங்கள்” என்றது சடைச்சி.

“அது தளத்தின் மரியாதைக்குக் குறைவு.”

“அப்படியானால் என் கணக்கு பூட்டியே கிடக்கட்டும்.”

பொடிச்சி முன்னால் வந்தது. “மஞ்சமூக்கா, ஒன்று மட்டும் சொல். அந்த மணியை நீ ஒரு தடவையாவது அடித்துப் பார்த்தாயா?”

மைனா இறக்கையைக் கோதியது. வானத்தைப் பார்த்தது. “ஒரு நாளைக்குப் பத்துக் கட்டுரை எழுத வேண்டும். பார்க்க நேரம் ஏது?”

 பொடிச்சி கணினியைத் திறந்து, தான் குத்திய பச்சை இலையை எடுத்துவிட்டது. பிறகு மஞ்சமூக்கனின் இன்னொரு கட்டுரையைத் தன் கையாலேயே தட்டச்சு செய்து ஓட்டியது. கீழே எழுதியது: “ஓட்டிப் பார்த்தேன். ஓடவில்லை.”

ஓணான் அதை மறைத்தது. அடுத்த வளை எலி வேறொன்றை ஓட்டிப் பார்த்து அதே வாக்கியத்தை எழுதியது. அதையும் மறைத்தது. பிறகு முயல் எழுதியது, கரடி எழுதியது, நாரையும் வந்து எழுதியது. நாற்பதை மறைத்தால் எண்பது வந்தன. ஒரு வாரம் ஓணான் மறைத்து மறைத்துப் பார்த்தது. காடு முழுவதையும் பூட்டிவிட்டால் தளத்தில் மிஞ்சுவது தானும் மைனாவும்தான் என்று அதற்குக் கடைசியில் புரிந்தது. மறைத்ததையெல்லாம் திருப்பிப் போட்டது. சடைச்சியின் மூன்று வரிகளும் வெளியே வந்தன.

மஞ்சமூக்கனின் பெயர் முதல் பக்கத்திலிருந்து இறங்கியது. மைனா சில நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தது. பிறகு ஒருநாள் ஒரே ஒரு நிரலை எடுத்து உட்கார்ந்தது. அதை ஓடவைக்கப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தக் கட்டுரைக்கு விழுந்தது ஒரே ஓர் இலை. குத்தியது சடைச்சி.

தான் செய்து பார்க்காததை ஊருக்குச் சொல்லித்தருவது பெரும் பிழை. அது பிழை என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது அதைவிடப் பெரும் பிழை.