கலைந்துபோன மேகங்கள்

காட்டாற்றங்கரையில் ஒரு மடம். அதன் தலைவி ஆவுடையம்மை. சீடர் நல்லகுற்றாலம் அவரைவிட வயதில் மூத்தவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாரே தவிர, அடித்துப் பேசுவதை விடவில்லை.

அந்தக் கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. ஆடு மேய்க்கும் கீதாரி இருளாண்டி ஆற்றுக்குள்ளேயே ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்தார். ஆடுகள் ஈனும் நேரம். நிறைசினை ஆடுகளைக் கரைமேட்டில் ஏற்றினால் குட்டி செத்துவிடுமோ என்று அவருக்குப் பயம். வெள்ளம் வந்தால் ஒன்றுமே மிஞ்சாதே என்று அதைவிடப் பயம்.

தினமும் மத்தியானம் மலைமேல் மேகம் கிளம்பியதும் மடத்துக்கு ஓடி வருவார்.

"சாமி, ஏத்தவா, இருக்கவா?"

"இருப்பா. இதெல்லாம் வெறும் பூச்சாண்டி."

குற்றாலம் சொன்னபடியே நடக்கும். மேகம் உயர எழும், உச்சி பிய்ந்து வெயிலில் காணாமல் போகும். அவருக்கு அதில் பெருமை தாங்காது.

அன்றும் இருளாண்டி வந்தார். குற்றாலமும் அதையே சொன்னார். கீதாரி கிடைக்குத் திரும்பிவிட்டார்.

ஆவுடையம்மை தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தார்.

"எதை வச்சு இருக்கச் சொன்னீங்க?"

"அதே மலை, அதே நேரம், அதே மேகம்மா. நேத்துக் கலைஞ்சது இன்னிக்குக் கலையாதா?"

"உப்பு ஜாடியைத் தொட்டீங்களா?"

"தொட்டேன். நீர்விட்டுக் கிடக்கு."

"போன வாரம்?"

"பொலபொலன்னு இருந்துச்சு. அதுக்கென்ன இப்போ?"

அம்மை செம்பைச் சாய்த்தார். காய்ந்த முற்றத்தில் ஒரு கை நீர் விட்டார். மண் குடித்துவிட்டது. அதே இடத்தில் இன்னொரு கை. அதையும் குடித்தது. மறுபடியும் விட்டார்.

"என்னம்மா இது, தண்ணி இல்லாத காலத்துல!" குற்றாலத்துக்கு எரிச்சல் வந்தது.

அடுத்த கை நீர் மண்ணுக்குள் இறங்கவில்லை. நெளிந்து ஓடி குற்றாலத்தின் கால்விரலை நனைத்தது.

"இந்தக் கையில மட்டும் நீர் அதிகமா?"

குற்றாலம் நனைந்த விரலைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். மேகத்தின் உச்சி பிய்யவில்லை. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அடி கறுத்துவிட்டது.

"ஐயையோ, கிடை!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"இருளாண்டி! ஏத்துப்பா, ஏத்து!"

"இப்பத்தானே இருன்னீங்க!"

"நான் சொன்னது தப்புப்பா! ஏத்து!"

குட்டிகளைக் கூடையோடு தூக்கினார்கள். மந்தையைக் கத்திக் கத்தி விரட்டினார்கள். ஒரு ஆடு மட்டும் வலியெடுத்துப் படுத்துவிட்டது. மலையில் இடி விடாமல் உருண்டது.

"அதை விடுப்பா!"

"விடமாட்டேன் சாமி!"

குற்றாலம் பின்னங்கால் பக்கம் பிடித்தார். இருவருமாகத் தூக்கிக் கரையேறியபோது செம்மண் வெள்ளம் இரைந்துகொண்டு வந்தது. கிடை இருந்த இடம் தெரியவில்லை.

மடத்துத் தாழ்வாரத்தில் அந்த ஆடு ஈன்றது. இருளாண்டி குட்டியின் மூக்கைத் துடைத்துவிட்டு வாய்விட்டு அழுதார்.

குற்றாலம் தாழ்வாரத்து ஓரத்தில் உட்கார்ந்தார். கொட்டுகிற மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு மேகம்மா. ஆத்தையே நிரப்பிடுச்சே!"

"ஒரு மேகமா? இத்தனை நாள் கலைஞ்சதெல்லாம் எங்க போச்சு?" என்றார் ஆவுடையம்மை.