போதும் என்று சொன்ன கள்ளி

செடிகொடிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், கரட்டுமேட்டுக் குட்டைக் கள்ளி ஒற்றைக்கட்டை. உள்ளங்கையில் அடங்கும் பச்சை உருண்டை. முள்ளும் கிடையாது, பக்கத்தில் குட்டியும் கிடையாது. பிள்ளைகளெல்லாம் விதையாக இருக்கும்போதே காற்றோடு போய்விடும்.

கரட்டின் அடியில் வெள்ளத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். மகள்களையெல்லாம் தூரத்து ஊர்களில் கட்டிக்கொடுத்தாயிற்று. புருஷன் ஆட்டுக்கிடையோடு போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டான். ஒரு காலத்தில் அந்த வீட்டில் இலை போட்டால் பந்தி வாசல்வரை நீளும். இப்போது ஒரு பிடி அரிசி போட்டுப் பொங்க அவளுக்குக் கை வரவில்லை. விறகு பொறுக்கப் போன இடத்தில் கள்ளியைப் பார்த்தவள், மடியில் கட்டிக்கொண்டு வந்து, வாய் உடைந்த சட்டியில் நட்டு, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள்.

"போதும் தாயி. கொஞ்சம் குடிச்சிட்டு, மண்ணு காயுற வரைக்கும் சும்மா கிடக்கிற பிறவி நான்" என்றது கள்ளி.

அந்த ஊரில் விருந்தாளி சொல்லும் 'போதும்' கணக்கிலேயே சேராது. இலையை மறித்துக் கை நீட்டினால்தான் கரண்டி நிற்கும். வெள்ளத்தாய் சிரித்தாள். "கூச்சப்படாத, இது உன் வீடு" என்று இன்னொரு செம்பு ஊற்றினாள். சாயங்காலம் அரிசி கழுவின தண்ணீர். கள்ளி மறுக்க மறுக்க, என்ன தன்மையான பிள்ளை என்று உருகினாள். ஊற்றிக்கொண்டே பழங்கதை பேசுவாள்: மூத்தவள் மோருக்கு அடம்பிடித்தது, கடைக்குட்டி சோற்றில் குழி பறித்து ரசம் வாங்கியது. கள்ளிக்கும் அந்தக் கதைகள் பிடித்திருந்தன. கேட்கிற சுவாரசியத்தில் பாதி நாள் பேசாமல் குடித்துவிடும்.

ஒருநாள் தொட்டபோது அடி கொழகொழவென்றிருந்தது. அழுகிவிட்டது.

"சொல்லியிருக்கலாமே" என்றாள் வெள்ளத்தாய்.

"சொன்னேன் தாயி. உனக்குத்தான் அது உபசாரமாக் கேட்டுச்சு."

அவள் கையிலிருந்த செம்பைப் பார்த்தாள். வீடு மறுபடி காலியாகப்போகிறது, அதுவும் தன் கையாலேயே. கள்ளிதான் வழி சொன்னது: மேல்பாதியில் இன்னும் உயிர் இருக்கிறது, அதை அறுத்தெடு, உடனே நடாதே, அறுத்த இடம் காயும்வரை நிழலில் போடு, பிறகு மணலில் வை. "தாகம்னா சுருங்கிக் காட்டுறேன். இனி பேசிப் புண்ணியமில்ல."

அதற்குப்பின் அது வாய் திறக்கவில்லை. வெள்ளத்தாய் அரிவாள்மனையைக் கழுவித் துடைத்து அறுத்தாள். சொன்னபடியே காயவைத்து நட்டாள். செம்பைக் கவிழ்த்துவிட்டு, ஊற்றத் துடித்த கையை முந்தானையில் சுருட்டிக்கொண்டு காத்திருந்தாள். மண் வெளுத்தால் உள்ளங்கை குழித்து ஒரு சிரங்கைத் தண்ணீர், அதற்குமேல் இல்லை. ஒரு காலையில் பார்த்தால், கள்ளி வேர்பிடித்து நிமிர்ந்திருந்தது. உடம்பெல்லாம் வெள்ளை முள், போதும் என்று இலைமேல் விரித்த விரல்களைப் போல. இடுப்பைச் சுற்றிலும் குட்டிகள், பந்தியில் இடம்பிடித்த மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு. அவள் சொன்ன கதைகளையெல்லாம் கேட்டு வைத்திருந்தது போலும்.

பொங்கலுக்கு வந்த மகள்கள் ஆசையாகத் தொட, தொட்டவள் கையோடு ஒரு குட்டி வந்தது. "கொண்டுபோ. ஆனா அது போதும்னா போதும்" என்றாள் வெள்ளத்தாய்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், இந்தக் கள்ளி பிள்ளைகளைக் காற்றோடு விடாமல் கூடவே வைத்துக்கொள்வதும், உறவென்று தொட்டவர் கையில் ஒன்றைக் கழற்றிக் கொடுப்பதும், செம்போடு யார் வந்தாலும் முள்ளை விரித்து இலையை மறிப்பதும்.