இரவல் கைதட்டல்

ஒரு மைதானத்தால் மூன்று பேர் தலைகுனிந்த கதை இது. முழுவதும் கேளுங்கள். முடிவில் நான் ஒன்று கேட்பேன், அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

குமரிக் கடற்கரையில் புன்னைத்துறை, பாறைத்துறை என்று இரண்டு மீனவ ஊர்கள். நடுவே ஆறு கடலில் சேரும் பொழி மட்டும்தான். இரண்டு ஊரிலும் பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதுமே பந்தை உதைப்பார்கள். ஆனால் நன்றாக ஆடத் தெரிந்தவன் அதை வைத்துப் பிழைக்க வேண்டுமென்றால் கொச்சிக்கோ கோவாவுக்கோ போயாக வேண்டும். அப்படியிருக்க, தொழில்முறைக் கால்பந்துக் கிளப் ஒன்று இந்தப் பக்கம் ஸ்டேடியம் கட்ட இடம் தேடி வந்தது. இரண்டு ஊரிலும் இடம் பிடித்திருந்தது.

"எந்த ஊர் மக்களுக்கு இதில் அதிக ஆசையோ அங்கே கட்டுவோம். நீங்கள் ஒரு ஆட்டம் நடத்துங்கள். பார்க்க வரும் கூட்டத்தை எங்கள் அதிகாரி வந்து பார்ப்பார். அவர் வருவதை யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்" என்று சொல்லி, ஒவ்வொரு ஊர் விளையாட்டு மன்றத்துக்கும் தனித்தனியே தேதி கொடுத்தார்கள்.

புன்னைத்துறை மன்றத்தின் செயலாளர் அலோசியஸ். ஸ்டேடியத்துக்கு ஆதரவு திரட்ட ஏற்கெனவே வீடு வீடாக ஏறி இறங்கியவன். போன இடமெல்லாம் பெண்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"கருவாடு காயப்போடுத எடத்துல ஸ்டேடியம் கெட்டினா, நாங்க எங்க காயப்போடுவோம்?"

கிளப்பிடம் கேட்டுச் சொல்லியிருக்கலாம். கேட்டால் வில்லங்கமான ஊர் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்தான். "எல்லாம் பாத்துக்கிடலாம்" என்று சிரித்து மழுப்பினான். அதோடு மன்றம் நடத்தும் ஆட்டங்களுக்கு வருவதையே பாதி ஊர் நிறுத்திவிட்டது. மைதானம் காலியாகத்தான் கிடக்கும் என்பது அவனுக்குத் தெரிந்தது.

அப்போது பாறைத்துறை மன்றத் தலைவன் தோபியாஸின் நினைவு வந்தது. இருவரும் மாவட்ட அணியில் ஒன்றாக ஆடியவர்கள்.

"மக்கா, ஞாயித்துக்கெழம ஒரு சிநேக மேட்ச் வச்சிருக்கேன். உனக்க ஊரு ஆளுவளையும் கூட்டிட்டு வா. சாப்பாடு எங்க பொறுப்பு."

"நீ கூப்பிட்டு வராம இருப்போமா?" என்றான் தோபியாஸ்.

வேன் வேனாக வந்து இறங்கினார்கள். அலோசியஸின் மனைவி ஜெசிந்தா மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஆக்கிப் பரிமாறினாள். அவளுக்கும் அது சிநேக ஆட்டம்தான். பந்தலில் உட்கார்ந்திருந்த வைத்தீஸ்வரன் கிளப்பின் அதிகாரி என்று அவளிடம்கூட அலோசியஸ் சொல்லவில்லை. கோப்பை கொடுக்க வந்த விருந்தாளி என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். பாறைத்துறை மார்கரீத்தாள் அலுமினியத் தட்டைத் தட்டித் தட்டிக் கூவியதை அந்த விருந்தாளி எழுந்து நின்று ரசித்தார்.

அடுத்த ஞாயிறு பாறைத்துறையில் ஆட்டம். போன வார விருந்துக்குப் பதிலாக அலோசியஸையும் ஜெசிந்தாவையும் மட்டும் தோபியாஸ் அழைத்திருந்தான். அவன் ஊரே மைதானத்தில் நிறைந்திருந்தது. கார் வந்து நின்றது. இறங்கியவர் வைத்தீஸ்வரன்.

தோபியாஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அலோசியஸ் ஜெசிந்தாவுக்குப் பின்னால் நகர்ந்தான்.

அதிகாரி கூட்டத்தைச் சுற்றி வந்தவர் மார்கரீத்தாளின் முன் நின்றார்.

"இந்த அம்மாவைப் போன வாரம் புன்னைத்துறையில் பார்த்தேனே! அதோ, அவரையும்தான். பக்கத்து ஊர் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தி எங்களை ஏமாற்றப் பார்க்கிறீர்களா?"

மார்கரீத்தாள் வாயைத் திறந்தாள். தோபியாஸ் கையைக் காட்டித் தடுத்தான்.

"எல்லாரும் பேசாம இரிங்க" என்றான். அலோசியஸை ஒருமுறை பார்த்தான். இத்தனை பேர் முன்னால் கூட்டுகாரன் அசிங்கப்படக் கூடாது என்று நினைத்தான். அதிகாரியிடம், "மன்னிச்சிருங்க சார்" என்று தலையைக் குனிந்தான்.

அலோசியஸ் நின்ற இடத்திலேயே நின்றான். தான் பரிமாறிய சாப்பாடு எதற்காக என்று ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"போய்ச் சொல்லுங்க" என்றாள்.

"சொன்னா நம்ம ஊருக்கு வாறது போயிரும்" என்றான், அவளைப் பார்க்காமலே.

அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு அதிகாரியிடம் நடந்தாள்.

"சார், இவிய எல்லாரும் இந்த ஊருக்காரங்கதான். போன வாரம் எங்க ஊருக்கு விருந்துக்கு வந்தவிய. எங்க ஆளுவ பாதிப்பேரு அன்னைக்கு வீட்டவிட்டே வரல்ல. அவங்க கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லல்ல, அதான்."

அதன் பிறகே அலோசியஸ் வந்தான். "நான்தான் செஞ்சேன் சார். தோபியாஸுக்கு ஒண்ணும் தெரியாது" என்று எல்லோர் முன்னிலும் அழுதான்.

ஸ்டேடியம் பாறைத்துறைக்குப் போனது. அலோசியஸ் செயலாளர் பதவியை விட்டான். பொழியைத் தாண்டி நண்பனைப் பார்க்கப் போக அவனுக்கு முகமில்லை. தோபியாஸை அவன் ஊரே பிடித்துக்கொண்டது: "உனக்க கூட்டுகாரனுக்காக எங்களையும் சேத்து கள்ளராக்கிட்டியே!" ஜெசிந்தாவுக்கு ஊரைக் காட்டிக்கொடுத்தவள் என்று பெயர். மீன் சந்தையில் அவள் பக்கத்தில் கடை போட யாரும் இல்லை. அன்றைக்கு ஆட்டம் பார்க்க வராமல் வீட்டில் இருந்தவர்களும் அப்படித்தான் ஒதுங்கினார்கள்.

நண்பனுக்காக வாய் மூடியவன் தோபியாஸ். சொந்த ஊருக்குக் கிடைக்கவிருந்தது போனாலும் போகட்டும் என்று வாய் திறந்தவள் ஜெசிந்தா. பிந்தினாலும் பழி முழுவதையும் தானே ஏற்றவன் அலோசியஸ். இதில் யார் செய்தது சரி?

விடை: ஜெசிந்தா செய்ததே சரி. தோபியாஸ் தனக்கு வந்த அவமானத்தை மட்டும் விழுங்கியிருந்தால் அது பெருந்தன்மை. அவனோ ஊர் முழுவதன் நேர்மையையும் நண்பனுக்காகத் தூக்கிக் கொடுத்தான். அதைக் கொடுக்க அவனுக்கு உரிமையில்லை. அலோசியஸ் உண்மையைச் சொன்னபோது மறைக்க எதுவும் மிச்சமில்லை. இழப்பு தன் வீட்டுக்கும் ஊருக்கும்தான் என்று தெரிந்தும், மறைக்க முடிகிற நேரத்தில் பேசியவள் அவள் ஒருத்திதான். நீங்களும் இதே விடையைத்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் இதை அவளிடம் சொல்ல, இரண்டு ஊரிலிருந்தும் இன்றுவரை ஒருவரும் அவள் வீட்டுப் படி ஏறவில்லை.