கோட்டுக்கு அந்தப் பக்கம்

"அந்தச் சாக்கடையை இடிச்சுப் போடட்டுமா, தாயே?" என்று கேட்டான் கொம்பையா.

தலையில் அரிசி மூட்டை. அதை இறக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அவ்வளவு கோபம்.

பாறைப்பட்டிக் கடைவீதியில் மூட்டை சுமப்பவர்களுக்கு அவன்தான் தலைவன். வீதியின் உள்கோடியில் கொட்டகை போட்டு வாழ்ந்த துறவி முத்தாலம்மைக்குச் சீடனும் அவன்தான்.

கடைவீதியைச் சிறப்பு வட்டாரம் என்று அறிவித்திருந்தார்கள். கடைக்காரர்கள் தனி வரி கட்டுவார்கள். அந்தப் பணம் வட்டாரத்துக்குள் மட்டுமே செலவாகும். தரைக்குக் கல் வந்தது, விளக்கு வந்தது, சாக்கடை வந்தது. எல்லை தெரிவதற்காக வீதி முனையில் குறுக்கே ஒரு மஞ்சள் கோடும் வந்தது.

ஓடை வரை போக வேண்டிய சாக்கடை அந்தக் கோட்டோடு நின்றுவிட்டது. தண்ணீர் நிற்குமா? அப்பால் இருந்த சுமைக்காரர் தெருவுக்குள் புகுந்தது. கொம்பையாவின் மகள் காய்ச்சலில் கிடந்தாள்.

தெருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வட்டாரத் தலைவர் தவசிமணியிடம் போய்க் கேட்டானாம். அவர் பலசரக்குக் கடை முதலாளி. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வரி கட்டுறவனுக்குத்தான் வசதி. கோட்டுக்கு அந்தப் பக்கம் எங்க பொறுப்பு இல்லப்பா" என்றாராம்.

முத்தாலம்மை மூட்டையைப் பார்த்தாள்.

"இதை லாரியிலிருந்து எங்கே இறக்கினே?"

"வீதி முனையில."

"அங்கேயிருந்து இங்கே சுமக்க யாரு கூலி கொடுத்தா?"

லாரியிலிருந்து இறக்கி வைப்பதற்குத்தான் கூலி. அதன்பிறகு ஒவ்வொரு கடையின் உள்ளறை வரை சுமந்து அடுக்கிக் கொடுப்பது அப்பன் காலத்துப் பழக்கம். யாரும் கேட்டதில்லை. யாரும் கொடுத்ததுமில்லை.

"அது வழக்கந்தானே, தாயே."

"திரும்பக் கொண்டுபோய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் வை."

"இது உங்க அரிசி."

"நானும் கோட்டுக்கு உள்ளேதானே இருக்கேன்."

கொம்பையாவுக்கு அவள் சொல்வது பிடிபட்டது. பிறகு சிரித்தான். மகள் படுத்ததிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் காலை லாரிகள் வந்தன. அரிசி, பருப்பு, உப்பு, வெல்லம் எல்லாம் கோட்டுக்கு வெளியே இறங்கின. ஒரு மூட்டையும் உள்ளே போகவில்லை. கூலி எதற்கோ அதை மட்டும் செய்துவிட்டுச் சுமைக்காரர்கள் கையைக் கட்டி நின்றார்கள்.

தவசிமணி தானே ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

கொட்டகைக்கு ஓடினார். அங்கே முத்தாலம்மை இல்லை. தேடிப் பார்த்தால், சுமைக்காரர் தெருவில் மூன்று கல் வைத்து அந்த அரிசியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"உங்க சீடன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, தாயே. சரக்கு நனைஞ்சா நான் ஒழிஞ்சேன்" என்றார்.

அவள் முதல் கஞ்சியைக் கொம்பையாவின் மகளுக்கு ஆற்றிக் கொடுத்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"இந்தப் பக்கம் உங்க பொறுப்பு இல்லையாமே. இங்கே எதுக்கு வந்தீங்க?"

மழையின் முதல் துளி விழுந்தது. தவசிமணி திரும்பி ஓடி, செருப்புக்காலால் மஞ்சள் கோட்டைத் தேய்க்க ஆரம்பித்தார்.

கொம்பையா அவரிடம் ஒரு மண்வெட்டியை நீட்டினான்.

"கோடு கிடக்கட்டும், முதலாளி. ஓடை வரைக்கும் வெட்டுங்க."