நேற்றே முடிந்த விழா

பிரெஞ்சுத் துறைத்தலைவர் தெய்வசிகாமணிக்கு ஒரு பழக்கம். விழா நடப்பதற்கு முன்பே விழாச் செய்தியை எழுதிவிடுவார். இந்த முறை தன் சொற்பொழிவைப் பற்றி, "அரங்கம் நிரம்பி வழிந்தது, துணைவேந்தர் மெய்ம்மறந்து பாராட்டினார்" என்று எழுதி, அலுவலக உதவியாளர் செங்கேணியிடம் நீட்டினார்.

"விழா நாளைக்குத்தானே சார்?"

"கேள்வி கேக்காதே. இப்பவே அறிவிப்புப் பலகையில ஒட்டு!"

ஒட்டினாள்.

மறுநாள் துணைவேந்தர் வந்துவிட்டார். அரங்கில் ஈ காக்காய் இல்லை.

"பத்து நிமிஷத்துல அரங்கம் நிறையலைன்னா உன் வேலை போச்சு!" என்று செங்கேணியிடம் கத்தினார் தலைவர்.

"நேத்தே நிரம்பி வழிஞ்சிடுச்சே சார். பலகையைப் படிச்ச பிள்ளைங்க, விழா முடிஞ்சுதுன்னு ஊருக்குக் கிளம்பிட்டாங்க."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த துணைவேந்தர் போய்ப் பலகையைப் படித்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"இந்தம்மா வேலையைச் சரியாத்தானே செஞ்சிருக்கு! நான் மெய்ம்மறந்து பாராட்டியும் ஆச்சு. அப்ப நான் கிளம்பறேன்."