தூக்கணாங்குருவியின் பாதி வீடு

பறவைக்கு ஒரு பாஷை, மனுஷருக்கு ஒரு பாஷை என்ற பிரிவினை வராத அந்தக் காலத்தில், காவிரிக் கரைப் பனைமரம் ஒன்றில் பொன்முடி என்றொரு தூக்கணாங்குருவி இருந்தான். தலையில் மஞ்சள் பூசின நிறம், அலகில் ஓயாத வேலை, வாயில் ஓயாத பெருமை. ஆனாலும் கெட்டிக்காரன், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நாணலைக் கிழித்து அவன் போடும் முடிச்சை அவிழ்க்க அந்தக் கரையில் ஒருவராலும் முடியாது.

அந்த நாளில் அவர்கள் இனத்து வழக்கமே வேறு. ஆண் கூட்டை முழுசாகக் கட்டி, வாசலும் வைத்து முடித்த பிறகுதான் பெண்ணைக் கூப்பிடுவான். பெண்ணுக்குப் பிடித்தால் சந்தோஷம். பிடிக்காவிட்டால், "போகப் போகப் பழகிடும்" என்று குடிவைத்துவிடுவார்கள்.

பொன்முடிக்குத் தவிட்டி மேல் ஆசை. தவிட்டு நிறத்தில் ஒடிசலாக இருப்பாள். பேச்சில் மட்டும் காரம் தூக்கல். ஆடி பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஆடிக் காற்று இறங்கிவிட்டால் புது நார் ஒன்றுகூடக் கிளையில் நிற்காது. அதற்குள் கூடு அமையாதவர்களுக்கு அந்த வருஷம் முட்டையும் கிடையாது, குஞ்சும் கிடையாது.

"தவிட்டிக்குப் போய் சாதாரணக் கூடா கட்டுவேன்?" என்று பொன்முடி ஊரெல்லாம் சுற்றினான். கோயில் கோபுரத்தைப் பார்த்தான். குளத்துத் தாமரையைப் பார்த்தான். தேர்ச் சக்கரத்தை மூன்று தடவை வலம் வந்து பார்த்தான். பார்த்ததையெல்லாம் கொண்டுவந்து கூட்டில் இறக்கினான். எட்டு நாள் ராப்பகல் வேலை. உச்சியில் ஐந்து நிலைக் கோபுரம், பக்கத்துக்கு ஒரு தாமரை, அடியில் சக்கரம், போதாததற்கு ஒரு மயிலிறகு வேறு. வாசலை வானத்தைப் பார்த்து வைத்தான். அப்போதுதானே படுத்துக்கொண்டே நிலா பார்க்கலாம்!

தவிட்டி வந்தாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். உள்ளே தலையை விட்டு வெளியே எடுத்தாள்.

"கோபுரம் அழகா இருக்கு. கும்பிட்டுட்டுப் போறேன். குடியிருக்க முடியாது."

"ஏன், என்ன குறை?"

"மழை பேஞ்சா தண்ணி எங்க போகும்?"

பொன்முடி மேலே பார்த்தான். அந்த யோசனையே அவனுக்கு வரவில்லை, பாவம்.

"எங்கம்மாவுக்கும் எங்கப்பா இப்படித்தான் ஆசை ஆசையாக் கட்டிக் குடுத்தாரு" என்றாள் தவிட்டி. "பழகிக்கோன்னாரு. அவளும் பழகிக்கிட்டா. மூணு முட்டை நனைஞ்சு வீணாப் போச்சு, நான் ஒருத்திதான் பொழைச்சேன். நான் பழகிக்க மாட்டேன் பொன்முடி." விருட்டென்று பறந்து போனாள்.

பொன்முடிக்கு முதலில் ரோஷம் வந்தது, அப்புறம் அழுகை வந்தது. பனைமரத்தடியில் நாச்சக்காவின் தறிக்கொட்டகை இருந்தது. அங்கே போய்க் கூரை வாரையில் உட்கார்ந்துகொண்டான்.

நாச்சக்கா அந்தப் பக்கத்தில் பேர் போன நெசவுக்காரி. அன்றைக்கு அவள் தறியில் உட்காரவில்லை. ஒரு புதுச் சேலையைத் தரையில் வீசிவிட்டு, அதை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, தறி ஓடலையா?"

"ஓடி என்னடா பிரயோஜனம்? ஓடக்காரர் மக பவளாயிக்குக் கல்யாணச் சேலை. ரெண்டு மாசம் நெய்தேன். அன்னம், யாளி, மாங்கா, தேரு, கொடி, ஒண்ணு விடலை. அவ கட்டிப் பார்த்துட்டு, 'அக்கா, இது சேலையா திருவிழாவா? இதைக் கட்டிக்கிட்டு நான் துடுப்புப் போட்டா ஓடமே கவுந்துடும்'கிறா. கொழுப்பு!"

"ஐயோ அக்கா, என் கதையும் இதேதான்!" என்று பொன்முடி நடந்ததைச் சொன்னான்.

அப்புறம் கேட்கவா வேண்டும்? இருவரும் சேர்ந்து ரசனை கெட்டவர்களை ஒரு நாழிகை திட்டித் தீர்த்தார்கள். மனசு கொஞ்சம் ஆறியது. ஆறின பிறகு நாச்சக்கா கேட்டாள்.

"ஆமா, மழை ஒழுகக் கூடாதுன்னு அவ முன்னாடியே சொல்லலையா?"

"கேட்டாத்தானே சொல்லுவா?"

"நீ கேக்கலையா?"

"நான் எதுக்கு கேக்கணும்? எனக்குத் தெரியாத வேலையா? நீங்க பவளாயிகிட்டக் கேட்டீங்களாக்கும்?"

"நானா? முப்பது வருஷமா நெய்யிறவ, நான் போய் அவகிட்ட..." என்று ஆரம்பித்த நாச்சக்கா பாதியிலேயே சிரித்துவிட்டாள். "அடப் போடா! கோயிலைப் பார்த்தோம், குளத்தைப் பார்த்தோம். கட்டிக்கப் போறவ மூஞ்சியை ரெண்டு பேரும் பார்க்கலை பாரு."

பொன்முடிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடிக்கு இன்னும் நாலே நாள். நிமிர்ந்து தன் கூட்டைப் பார்த்தான். எட்டு நாள் உழைப்பு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கட்டின கூட்டைத் தன் அலகாலேயே கலைப்பது அவன் இனத்தில் அதுவரை யாரும் செய்யாத காரியம். அவன் விர்ரென்று மேலே போனான், கூடு தொங்கிய நாரைக் கடித்து அறுத்தான்.

கோபுரமும் தாமரையும் சக்கரமுமாக அத்தனையும் தொப்பென்று நாச்சக்காவின் வாசலில் விழுந்தன.

"அடப்பாவி!" என்று அலறினாள் நாச்சக்கா. பக்கத்துக் கிளை ஆண்களெல்லாம், "இவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று கத்தினார்கள்.

பொன்முடி புது நார் கொண்டுவந்தான். இரண்டே நாளில், கவிழ்த்த தொன்னைபோல் ஒரு கூரை, குறுக்கே உட்கார ஒரு பட்டை. அதோடு நிறுத்திக்கொண்டான். கட்டுவதைவிட நிறுத்துவதுதான் அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது, அலகு துறுதுறுத்தது. சிறகை அடித்துக்கொண்டு உரக்கக் கூவினான்.

"தவிட்டி! பாதிதான் கட்டியிருக்கேன். மீதி எப்படின்னு நீ வந்து சொல்லு!"

"வாசலே இல்லாத வீட்டுக்குப் பொண்ணு கூப்பிடறான்டோய்!" என்று மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்குத் தவிட்டி வரவில்லை.

மறுநாள் காலையில் வந்தாள். பட்டையில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தாள். நாரை இழுத்துப் பார்த்தாள். பொன்முடி ஒரு துரும்பைக் கவ்விக்கொண்டு நின்றான். அது இல்லாவிட்டால் வாய் சும்மா இருக்காது என்று அவனுக்கே தெரியும்.

"உச்சி கூம்பா இருக்கட்டும், தண்ணி வழிஞ்சு ஓடும்" என்றாள் தவிட்டி. "உன் கோபுரம் அதுக்கு மட்டும் உதவும்."

"சரி."

"வாசல் கீழே பார்த்து, குழாய் மாதிரி நீளமா வரட்டும். பாம்பு வந்தா வழுக்கி ஆத்துல விழணும். முட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு குழி."

"சரி, சரி."

"ரொம்ப ஆடுது. தலை சுத்துது."

இதற்கு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கீழே பார்த்தான். நாச்சக்கா தறியில் நூல் தளராமல் இருக்க ஓரத்தில் மண் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பொன்முடி ஆற்றுக்குப் பறந்தான். ஈரக் களிமண்ணை அலகில் கொண்டுவந்து உள்சுவரில் உருண்டை உருண்டையாக அப்பினான். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று தவிட்டி காட்டக் காட்ட, கூடு ஆட்டம் குறைந்து நின்றது. அன்று பொழுது சாய்வதற்குள் இருவருமாகக் குழாயையும் பின்னி முடித்தார்கள்.

மறுநாள் ஆடி பிறந்தது. காற்று பேய்க்காற்று, மழை அடைமழை. சிரித்தவர்களின் கூடுகளில் பாதி ஆற்றோடு போயிற்று. அந்த மழைக்கு நடுவிலேயே தவிட்டி முட்டையிட்டாள். பல நாள் கழித்து மழை விட்டதும் முட்டைகளை ஒவ்வொன்றாக அலகால் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணுகூட நனையலை" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். பொன்முடிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

கீழே விழுந்த கூட்டை நாச்சக்கா வீணாக்கவில்லை. நார் மேலும் கீழுமாக ஓடும் அழகைப் பார்த்து வைத்துக்கொண்டு, நேரே பவளாயியிடம் போய், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டாள். இலேசான சேலை, நாணல் பச்சை, கரையில் மட்டும் அந்தக் கூட்டுப் பின்னல். பவளாயி அதைக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையைத் தானே ஓடத்தில் உட்காரவைத்து அக்கரைக்குத் துடுப்புப் போட்டாள்.

அந்த ஆடிக்குப் பிறகுதான், தூக்கணாங்குருவி இனத்தில் ஆண் பாதிக் கூட்டோடு நிறுத்திக்கொண்டு சிறகடித்துக் கூப்பிடும் வழக்கம் வந்தது. பெண் வந்து ஆட்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, சரி என்றால்தான் மீதி வேலை. வேண்டாம் என்றால் கூடு அப்படியே பாதியில் தொங்கும். பனையில் அப்படி ஒன்றைப் பார்த்தால் கட்டத் தெரியாதவன் என்று சிரித்துவிடாதீர்கள். அவன் ஒருத்தியைக் கேட்டிருக்கிறான், அவள் தாராளமாக மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த கிளையில் மறுபடி பாதி கட்டி, இன்னொருத்தியைக் கேட்டுக்கொண்டிருப்பான்.